சீருடையில் இருந்துகொண்டே ஈ.எம்.டி. ஆகலாமா?

டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஒரு ராணுவ முகாமிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு 24 வயது. திருச்சி பக்கத்தில் பிறந்து, 13 வயதில் பெற்றோருடன் நியூ ஜெர்சிக்கு வந்தவர். கல்லூரியை ஓராண்டோடு நிறுத்திவிட்டு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். நான்காண்டு ஒப்பந்தத்தில் இன்னும் 20 மாதம் பாக்கி. சப்ளை பிரிவில் வேலை. கிடங்குக் கணக்கு, சாமான் வரவு செலவு என்று நாள் போகிறது. கடந்த மார்ச் மாதம் மோட்டார் பூலில் (ராணுவ வண்டிகள் நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) ஒரு விபத்து. சக வீரர் ஒருவரின் தொடை கிழிந்து ரத்தம் கொட்டியது. பக்கத்தில் நின்ற இவர்தான் முதலில் ஓடிப்போய் ரத்தத்தை நிறுத்தும் டூர்னிகெட் பட்டையைப் போட்டு இறுக்கியிருக்கிறார். மெடிக் எனப்படும் ராணுவ மருத்துவ உதவி வீரர் வந்து பொறுப்பேற்றுக்கொண்டார், நண்பர் பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து, "இனி இதுதான் என் வேலை" என்ற முடிவோடு இருக்கிறார்.

அவர் கேட்பவை இவை. காம்பாட் லைஃப்சேவர் (சி.எல்.எஸ்.) என்ற போர்க்கள முதலுதவிப் பயிற்சியை முடித்திருப்பதால், ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவி செய்யும் ஈ.எம்.டி. பணிக்கான தேர்வை நேரடியாக எழுதலாமா? முழுக்க ஆன்லைனில் படிக்க முடியுமா? செலவை ராணுவம் தருமா? ஆகஸ்டில் தொடங்கும் மாலை வகுப்பில் யூனிட்டுக்குச் சொல்லாமல் சேர்ந்து, தேர்ச்சி பெற்றதும் இரவில் ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகலாமா? சான்றிதழ் வந்துவிட்டால் ராணுவமே மெடிக் ஆக்கிவிடுமா? இவற்றோடு, அப்பா போனில் சொன்னதையும் எழுதியிருக்கிறார்: "ஸ்ட்ரெச்சர் தூக்கவா உன்னை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வந்தேன்?"

தம்பி, நான் 17 ஆண்டுகளாக அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். சிறிய நகரம் ஒன்றின் ஆம்புலன்ஸ் சேவைக்கு மருத்துவ இயக்குநர் பொறுப்பும் வகிக்கிறேன். எங்கள் வண்டிகளில் முன்னாள் ராணுவத்தினர் பலர் வேலை செய்கிறார்கள், நல்ல கைகள் அவர்களுக்கு. உங்கள் விருப்பம் சரியானதுதான். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் இரண்டு இடங்கள் சரியில்லை. ஒன்று, ஆகஸ்ட். மற்றொன்று, "யூனிட்டுக்குச் சொல்லாமல்".

உங்கள் கை கற்றது எது, கற்காதது எது

நீங்கள் முடித்த சி.எல்.எஸ். சுமார் 40 மணி நேரப் பயிற்சி. ஈ.எம்.டி. படிப்புக்கு ஏறத்தாழ 150 முதல் 190 மணி நேரம் தேவை. மணிக்கணக்கை விடப் பெரிய வித்தியாசம் இரண்டும் எதற்காக உருவானவை என்பதில் இருக்கிறது. போர்க்களத்தில் தடுக்கக்கூடிய சாவுகளில் பெரும்பங்கு ரத்தப்போக்கால் நேர்ந்தது. அதனால்தான் உங்களுக்கு முதலில் டூர்னிகெட், பிறகு மூச்சுப்பாதை என்ற வரிசையில் சொல்லிக்கொடுத்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் அனுபவம்தான் டூர்னிகெட்டைப் பொதுமக்கள் மருத்துவத்துக்குள் மறுபடி கொண்டுவந்தது. அதற்கு முன், 'கடைசி வழி' என்று சொல்லி அதைத் தள்ளியே வைத்திருந்தோம். அந்த வகையில் நாங்கள் உங்களிடமிருந்து கற்றவர்கள்.

ஆனால் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் வேறு உலகம். சர்க்கரை தாழ்ந்து பேச்சுக் குழறும் பாட்டி, மூன்று நாளாக மூச்சுத் திணறலோடு சமாளித்துப் பார்த்த தாத்தா, நெஞ்சுவலியை வாயுக்கோளாறு என்று நினைத்துப் படுத்திருந்த டிரைவர், குளியலறையில் வழுக்கி விழுந்தவர், மாத்திரைகளை அள்ளி விழுங்கிவிட்ட பதினாறு வயதுப் பெண். கை கால் கிழிந்து வருவது இவற்றில் ஒரு சிறு பகுதிதான். ஈ.எம்.டி. இங்கே ஆஸ்பிரின் தருவார், வாயில் குளுக்கோஸ் தருவார், ஒவ்வாமைக்கு எபிநெஃப்ரின் ஊசி போடுவார், போதைமருந்தால் மூச்சு நின்றவருக்கு மூக்கில் நலாக்ஸோன் அடிப்பார், பிரசவமும் பார்ப்பார். இதில் எதையும் சி.எல்.எஸ். உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மறுபக்கம், சி.எல்.எஸ்.-ஸில் மார்பில் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றக் கற்றிருப்பீர்கள். வெளியே பெரும்பாலான இடங்களில் ஈ.எம்.டி.க்கு அதைச் செய்ய அனுமதி கிடையாது. சீருடையில் கற்ற ஒன்றை ஆம்புலன்ஸில் செய்தால் அது துணிச்சலாகப் பார்க்கப்படாது, விதிமீறலாகத்தான் பார்க்கப்படும். அந்த வண்டி என் மருத்துவ உரிமத்தின் கீழ் ஓடுகிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே, நேரடியாகத் தேர்வு எழுத முடியாது. மாநிலம் அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பாளர் அதை, தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் நேஷனல் ரெஜிஸ்ட்ரி அமைப்பில் உறுதிசெய்ய வேண்டும். பாடங்களை ஆன்லைனில் படிக்கலாம், இன்று பல கல்லூரிகள் அப்படித்தான் நடத்துகின்றன. கைவேலைப் பயிற்சியையும், மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ உண்மையான நோயாளிகளைப் பார்ப்பதையும் நேரில்தான் செய்தாக வேண்டும். "நூறு சதவீதம் ஆன்லைன்" என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டும் முன் மாநிலச் சுகாதாரத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

தேர்வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணினியில் இரண்டு மணி நேரம், 70 முதல் 120 கேள்விகள். உங்கள் விடைக்கு ஏற்பக் கேள்வியின் கடினம் கூடும், குறையும். நன்றாக எழுதுகிறவருக்கும் கடினமாகவே தோன்றும், அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். மூன்று முறை எழுதலாம். மூன்றிலும் தவறினால் 24 மணி நேர மீள்பயிற்சிக்குப் பிறகு மறுபடி மூன்று வாய்ப்பு உண்டு. படிப்பை முடித்த இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற்றுவிட வேண்டும்.

யூனிட்டுக்குச் சொல்லாமல் செய்வது பற்றி

"முடிக்கும்வரை யாரிடமும் மூச்சு விடாதே, சொன்னால் தடுத்துவிடுவார்கள்" என்று உங்கள் ரூம் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆலோசனை உங்களைத்தான் மாட்டிவிடும். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அக்டோபரில் ஃபோர்ட் இர்வின் போகிறோம்." அது கலிபோர்னியாப் பாலைவனத்தில் நடக்கும் பெரிய போர்ப்பயிற்சி. போய், பயிற்சி முடித்து, சாமான் கணக்கைச் சரிக்கட்டித் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். சப்ளை ஆள் நீங்கள். மற்றவர்களுக்கு முன்னால் வேலை தொடங்கும், மற்றவர்களுக்குப் பின்னால்தான் முடியும். ஈ.எம்.டி. வகுப்பில் வருகைப்பதிவு கண்டிப்பானது. ஆகஸ்டில் சேர்ந்தால் அக்டோபரில் நின்றுவிடுவீர்கள். உங்கள் சார்ஜென்ட்டிடம் முன்பே பேசியிருந்தால் அவரே ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

வெளிவேலை விஷயம் இன்னும் நுட்பமானது. பணியில் இருக்கும் வீரர் ஓய்வு நேரத்தில் வெளியே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கமாண்டரின் அனுமதி தேவை. எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவு, ஓடும் வண்டியில் ரத்தம் பட்ட ஊசி உங்கள் விரலில் குத்திவிடுகிறது. இது எங்கள் தொழிலில் நடக்கக்கூடியதுதான். உடனே ரத்தப் பரிசோதனை, ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து, வாரக்கணக்கில் தொடர் பரிசோதனை. காலையில் ராணுவ மருத்துவரிடம் என்ன சொல்வீர்கள்? மறைத்தால் உடம்புக்கு ஆபத்து, சொன்னால் ஒழுங்கு நடவடிக்கை. இந்த இக்கட்டில் உங்களை நீங்களே கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

எனக்குத் தெரிந்த அளவில், நல்ல மதிப்பீடு வாங்கும், ஸ்பெஷலிஸ்ட் பதவிநிலையில் உள்ள ஒரு வீரர் தேதிகளோடு வந்து, "இந்த நாள்களில் வகுப்பு, இந்தப் பயிற்சிகளோடு மோதவில்லை, மாதம் இரண்டு வார இறுதி ஷிஃப்ட் மட்டும்" என்று தாளில் காட்டினால் சார்ஜென்ட்கள் பெரும்பாலும் உதவவே பார்க்கிறார்கள். மறுத்தால் அடுத்த மட்டத்தில் மரியாதையோடு கேட்கும் வழி உங்களுக்கு உண்டு. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: படிப்பு உதவி உங்களுக்கு உள்ள வாய்ப்பு, ஆனால் யூனிட்டின் பணி அதைவிட முன்னால் நிற்கும்.

என் கணக்கு: ஆகஸ்ட் வேண்டாம், ஜனவரி

ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் சேருங்கள். மே மாதம் படிப்பு முடியும், ஜூனில் தேர்வு. நேஷனல் ரெஜிஸ்ட்ரி தருவது சான்றிதழ் மட்டும்தான். ஆம்புலன்ஸில் ஏற மாநிலத்தின் அனுமதி தனியாக வேண்டும். டெக்சாஸில் அதற்கு விரல்ரேகைப் பின்னணிச் சோதனையும் உண்டு. எல்லாம் முடிய ஆகஸ்ட் ஆகலாம். அதற்குப் பிறகும் உங்கள் ஒப்பந்தத்தில் ஆறேழு மாதம் மிச்சமிருக்கும். அனுமதியோடு மாதம் சில ஷிஃப்ட் ஓட்ட அது போதும்.

இந்த மாதங்களை நான் ஏன் இப்படி எண்ணுகிறேன் என்றால், சான்றிதழ் வாங்கிவிட்டு நோயாளியைத் தொடாமல் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்த அழுத்தம் பார்ப்பதைக்கூட ஓராண்டில் கை மறந்துவிடும். ஸ்டெதாஸ்கோப்பில் நீர் கோத்த நுரையீரலின் சத்தத்தை அடையாளம் காண, நூறு நெஞ்சில் காது வைத்திருக்க வேண்டும். சான்றிதழுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. புதுப்பிக்க 40 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். ஆகவே "எப்போது அட்டை வாங்கலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். "எப்போது வாங்கினால் உடனே நோயாளிகளைப் பார்க்க முடியும்" என்று போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு நான் சொல்ல வேண்டிய ஒரே பதில் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உடற்கூறியல் அடிப்படைப் பாடம் ஒன்றை ஆன்லைனில் எடுங்கள். பின்னால் நர்சிங்குக்குப் போனாலும், பி.ஏ. எனப்படும் மருத்துவ உதவியாளர் படிப்புக்குப் போனாலும் அந்தக் கிரெடிட் பயன்படும்.

பணம்

ராணுவத்தின் டியூஷன் அசிஸ்டன்ஸ் என்ற கல்விக் கட்டண உதவி ஒரு கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை, ஆண்டுக்கு 4,500 டாலர் வரை தருகிறது. சமுதாயக் கல்லூரிகளில் ஈ.எம்.டி. பெரும்பாலும் கிரெடிட் பாடமாக இருப்பதால் இதற்குள் அடங்கும். வகுப்பு தொடங்கும் முன்பே ஆர்மி இக்னைட்டெட் தளத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. 'சி'-க்குக் கீழே மதிப்பெண் வந்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். கிரெடிட் இல்லாத தனியார் அகாடமி என்றால் தொழில் சான்றிதழ் செலவுக்கு உதவும் கிரெடென்ஷியலிங் அசிஸ்டன்ஸ் என்ற இன்னொரு வழி இருக்கிறது. அதன் வரம்புகளை அண்மையில் இறுக்கியிருக்கிறார்கள். முகாமின் கல்வி மையத்தில் இன்றைய நிலவரத்தைக் கேளுங்கள்.

ராணுவச் சேவைக்காகக் கிடைக்கும் கல்விச் சலுகையான ஜி.ஐ. பில்லை இதற்குத் தொட வேண்டாம். 36 மாதச் சேவை முடிந்தால்தான் அதன் பலன் 100 சதவீதம் கிடைக்கும். நீங்கள் இப்போது 28-ஆம் மாதத்தில் இருக்கிறீர்கள். அது உங்கள் பட்டப்படிப்புக்கான சொத்து. ஒரு பருவ வகுப்புக்காக அதை உடைப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பது போல. அதேபோல, டெக்சாஸில் பணியாற்றினாலே ஹேசல்வுட் சட்டப்படி இங்கே இலவசமாகப் படிக்கலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ராணுவத்தில் சேரும்போது டெக்சாஸ்காரராக இருந்தவர்களுக்கான சலுகை அது. நியூ ஜெர்சியிலிருந்து சேர்ந்த உங்களுக்குப் பொருந்தாது.

மெடிக் ஆவது, வெளியே போவது

சான்றிதழைக் காட்டியதும் ராணுவம் உங்களை மெடிக் ஆக்கிவிடாது. சப்ளை பிரிவில் இருக்கும்வரை, சட்டைப்பையில் ஈ.எம்.டி. அட்டை இருந்தாலும் யூனிட்டுக்குள் நீங்கள் சப்ளை ஆள்தான். 68 விஸ்கி எனப்படும் மெடிக் பிரிவுக்கு மாற வேண்டுமானால் மறு ஒப்பந்த நேரத்தில் கேரியர் கவுன்சிலர் மூலம் கேட்க வேண்டும். இடம் காலியாக இருக்க வேண்டும், தகுதி மதிப்பெண்கள் வேண்டும். சான் அன்டோனியோவில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் 16 வாரப் பயிற்சி. அதிலேயே நேஷனல் ரெஜிஸ்ட்ரி தேர்வும் அடக்கம். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது இன்னும் சில ஆண்டுகள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒப்பந்தம் நான்காண்டு என்றாலும் மொத்தக் கடமை எட்டாண்டு. மிச்ச நான்கில் உங்கள் பெயர் ரிசர்வ் பட்டியலில் இருக்கும். அந்தக் காலத்தில் பகுதிநேர ராணுவமான நேஷனல் கார்டில் மெடிக்காகச் சேர்ந்து, வார நாள்களில் ஜி.ஐ. பில்லில் கல்லூரிக்குப் போகலாம். உங்கள் வயதுக்கும் விருப்பத்துக்கும் எனக்கு இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. முழுநேர ராணுவத்தில் தொடர மனமிருந்தால் 68 விஸ்கியைக் கேளுங்கள், அதுவும் நல்ல வழிதான்.

நியூ ஜெர்சிக்கே திரும்புவதாக இருந்தால் இப்போதே அந்த மாநிலச் சுகாதாரத் துறையின் விதியைப் படித்துவிடுங்கள். ஒரு மாநில உரிமத்தோடு இன்னொன்றில் பணியாற்ற வழிசெய்யும் ஈ.எம்.எஸ். காம்பாக்டில் டெக்சாஸ் இருக்கிறது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்கள் அதில் இல்லை. பணியில் இருக்கும்போதே உத்தரவின்பேரில் வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்டால், 2023 ஜனவரியில் கையெழுத்தான ஒரு கூட்டாட்சிச் சட்டம் உங்கள் தொழில் உரிமத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. அந்தச் சட்டம் வந்தபோது, உரிமத்தை அண்மையில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றும் கேட்டது. 

அப்பாவுக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். 2023-இல் இந்த நாட்டில் ஈ.எம்.டி.களின் இடைநிலை (மீடியன்) ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 39,000 டாலர், அவர்களுக்கு அடுத்த மட்டத்தில் உள்ள பாராமெடிக்குகளுக்குச் சுமார் 53,000. அதில் குடும்பம் நடத்துவது கடினம், அவர் கவலை நியாயமானது. அதே சமயம், நர்சிங்குக்கும் பி.ஏ. படிப்புக்கும் போகிற பல பிள்ளைகள் இந்தப் படியில்தான் முதலில் கால் வைக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். பி.ஏ. கல்லூரிகள் பல, நோயாளிகளோடு செலவிட்ட மணி நேரத்தை எண்ணிக் கேட்கின்றன. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 வண்டியை அவருக்கு நினைவூட்டுங்கள். அதில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து வருபவரை ஊரில் யாரும் ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் என்று சொல்வதில்லை.

கடைசியில் எழுதிய அந்த வரி

கையெழுத்துக்கு மேலே இப்படி முடித்திருக்கிறீர்கள்: "இன்னும் சில ராத்திரி அந்தச் சூடான ரத்தம் கையில் இருக்கிற மாதிரியே இருக்கு, தூக்கம் வரல, ஆனா அது பெரிய விஷயமில்ல."

தம்பி, அது பெரிய விஷயம்தான். நான்கு மாதம் ஆகிவிட்டது. ஓர் உயிரைக் காப்பாற்றிய கைக்கும் இப்படி நடக்கும், அது பலவீனம் இல்லை. ஆனால் கவனிக்காமல் இதோடு ஆம்புலன்ஸில் ஏறினால், ஒவ்வொரு அழைப்பும் அந்த மார்ச் மாதத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போகும். முகாமின் மனநலப் பிரிவுக்குப் போனால் வாழ்க்கை முடிந்தது என்று வீரர்கள் நினைக்கிறார்கள். உதவி கேட்டதற்காக மட்டும் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. 2021-இல் நிறைவேறிய பிராண்டன் சட்டப்படி, காரணம் எதையும் சொல்லாமலே மேலதிகாரி மூலம் மனநல மதிப்பீட்டுக்குப் பரிந்துரை கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்கும் தயக்கமாக இருந்தால் முகாமின் மதகுருவான சாப்ளினிடம் பேசுங்கள். நீங்கள் எந்த மதமானாலும் அவரிடம் சொன்னது அவரைத் தாண்டாது. நடு ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் மனநல நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைத்து, ராணுவத்தினருக்கான 1-ஐ அழுத்துங்கள். வகுப்பில் சேரும் முன் இதைச் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள்.

ஜனவரி வகுப்புக்கான சேர்க்கை இலையுதிர் காலத்திலேயே நடக்கும், நீங்கள் அப்போது பாலைவனத்தில் இருப்பீர்கள். அதனால் கிளம்பும் முன்பே சார்ஜென்ட்டிடம் பேசிவிடுங்கள், கல்வி மையத்தில் நேரம் வாங்கிவிடுங்கள், ராணுவ மருத்துவப் பதிவிலிருந்து உங்கள் தடுப்பூசி விவரத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசியும் காசநோய்ச் சோதனையும் எல்லாக் கல்லூரிகளும் கேட்பவை, உங்களுக்கு அவை ஏற்கெனவே பதிவாகியிருக்கும். சி.பி.ஆர். அட்டை மட்டும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். அது ஒரு நாள் வேலை.